கருவி மரம்

சிறு கணனிகளின் இயல்பறிய விழையும் மாணவர்க்கும், அவற்றைக் கையாண்டு பழகிய பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு இக்கட்டுரை எழுதலாயிற்று. எழுதுபவன் தமிழாசிரியன், பொறியியலன் அல்லன். எனினும், ஈண்டு ஒரு சொற்பிழை பேசப்படுதலின் அவனுக்கும் இதில் ஓர் உரிமை உண்டு.

மேசைக் கணனியில் இணைக்கப்படும் கருவிகளுட் பல, தாம் இன்னவை எனத் தாமே அறிவிக்க வல்லன. ஏஆர்எம் வகைச் சில்லினுள் அமைந்த வாயில்களோ பெரும்பாலும் அங்ஙனம் அறிவிக்கமாட்டா. ஆதலின், எக்கருவி எம்முகவரியில் உளது என லினக்ஸுக்கு எடுத்துரைக்கும் விவரணம் ஒன்று வேண்டும். அது வேரும் கிளையும் கணுவுமாக விரிதலின் கருவி மரம் எனப்படும். 1994இல் வெளியான ஐ.ஈ.ஈ.ஈ. 1275 நியமத்திலேயே இதன் மூலவடிவு காணப்படும். 2011இல் ஏஆர்எம் நிரல்களின் ஒழுங்கற்ற பெருக்கத்தை லினஸ் ரோவால்ட்ஸ் கடிந்துரைத்தபின், அச்சில்லுகளுக்கும் இம்முறை பரவலாயிற்று.

மரத்தை நினைவகத்தில் ஏற்றி லினக்ஸிடம் ஒப்படைப்பது ஏற்றி நிரலின் தொழில். ஜேர்மனியரான வூல்ஃப்காங் டெங்க் தொடக்கிய யூ-பூற் அவ்வகையிற் பெயர்பெற்றது. ஒப்படைக்குமுன் மரத்தைத் திருத்தவும் அதனால் இயலும். 2013இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் பலகையில், இணைப்பு முனைகள் சில எச்.டி.எம்.ஐ. காட்சிக்கும் பிற வாயில்களுக்கும் பொது. ஒன்று விழிக்க மற்றொன்று உறங்கல் வேண்டும்.

செய்முறை வருமாறு: தன்னியக்கத் தொடக்கத்தைத் தடுத்து யூ-பூற்றின் கட்டளை வரியை அடைக. கருநிரலையும் மரத்தையும் நினைவகத்தில் ஏற்றுக. பின்னர் 'எவ்டிரி' என்னும் கட்டளையைக் கையாளுக. அதன் 'அடர்' மரத்தின் இடத்தைச் சுட்டும். 'ரீசைஸ்' புதுச்சொற்கள் புக இடமளிக்கும். 'பிறின்ற்' கணுவைக் காட்டும். 'செற்' அதனை மாற்றும். ஈற்றில், திருத்திய மரத்தின் முகவரியையே தொடக்கக் கட்டளையிற் குறிக்க.

நிற்க. கணுவின் 'ஸ்ரேற்றஸ்' பண்பு 'ஓகே' எனின் கருவி விழிக்கும். 'டிசேபிள்ட்' எனின் உறங்கும். அப்பண்பே இல்லையாயின் விழித்ததாகவே கொள்ளப்படும். என் மாணவன் ஒருவன், உறங்கிய வாயிலை எழுப்பக் கருதி 'எனேபிள்ட்' என எழுதினான். பொருளளவிற் பிழையில்லை. ஆயினும் லினக்ஸ் அச்சொல்லை ஏலாது. பிழையென்று உரைக்கவுமில்லை, வாயில் வாளா கிடந்தது. இரண்டு மாலைகள் கம்பிகளை மாற்றியும் பலகையைப் பழித்தும் கழிந்தன. பலகை பழுதென ஒதுக்கவும் துணிந்தான். 'பிறின்ற்' கட்டளையால் கணுவை வாசித்த பின்னரே உண்மை புலனாயிற்று.

ஆறுதல் ஒன்றுண்டு. இத்திருத்தம் நினைவகத்து மரத்தையே சாரும். மின்னை நிறுத்தின் மறையும். சேமிப்பிலுள்ள மூலமரம் மாறாது. நிலைபெறல் வேண்டின், கட்டளைகளைச் சூழல் மாறியொன்றில் எழுதி 'சேவ்என்வ்' கட்டளையாற் சேமிக்க. ஆதலின் மாணவர்காள், முதலிற் சோதித்து, பின்னரே சேமியுங்கள். கருவியை ஐயுறுமுன் நீங்கள் எழுதிய சொல்லை ஒருமுறை வாசியுங்கள்.