‘இல்லை’ என்ற பதிலுக்கும் இடம் விடும் கேள்வி

அன்புள்ள இளம் அறிவியல் ஆசிரியருக்கு,

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டே அறிவியல் கண்காட்சிப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். மூத்தவர்கள் நாசூக்காக ஒதுங்கிக்கொள்வார்கள். ஏழாம் வகுப்பில் “ஆளுக்கொரு கேள்வி எழுதி வாருங்கள்” என்று சொன்னால் மறுநாள் மேசைக்கு வருவது இப்படி இருக்கும்: கடல் ஏன் நீலமாக இருக்கிறது? எறும்புக்கு என்ன பிடிக்கும்? செடிக்குப் பாட்டு கேட்குமா? பேய் உண்டா?

எதையும் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். பேயைக்கூட.

சோதிக்கத்தக்க கேள்விக்கு ஒரு வரையறை உண்டு: எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், எவற்றை மாறாமல் வைத்திருக்கிறோம் என்று சொல்ல முடிய வேண்டும். வரையறை சரிதான். ஆனால் பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். அதற்கு முன்பு கேட்க வேண்டியது வேறு: “என்ன நடந்தால் நீ நினைத்தது தப்பு என்று ஒத்துக்கொள்வாய்?” இதற்குப் பதில் சொல்ல முடியாத பிள்ளையிடம் இன்னும் கேள்வி உருவாகவில்லை, ஆவல் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

இதை ஒரு சிறுமி செய்துகாட்டினாள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த எமிலி ரோசாவுக்கு அப்போது 9 வயது. நோயாளியைத் தொடாமல், உடலுக்குச் சற்று மேலே கைகளை நகர்த்தி, அவரது ‘ஆற்றல் புலத்தை’ உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் சிகிச்சை முறை ஒன்று அங்கே செவிலியர்களிடம் பரவியிருந்தது. பெரியவர்கள் “இது நோயைக் குணப்படுத்துமா?” என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு முடிவே கிடையாது. குணமானால் சிகிச்சைதான் காரணம் என்பார்கள். ஆகாவிட்டால் நோய் முற்றிவிட்டது என்பார்கள். எமிலி கேள்வியைச் சுருக்கினாள்: பக்கத்தில் ஒரு கை இருப்பதை இவர்களால் உணரவாவது முடிகிறதா?

நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. சிகிச்சையாளர் அதன் துளைகள் வழியாக இரு கைகளையும் உள்ளங்கை மேலே தெரிய நீட்டுவார். எமிலி நாணயத்தைச் சுண்டிப்போட்டு, விழுந்தபடி ஏதோ ஒரு கைக்கு மேலே, தொடாமல், தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வரும். 21 பேரிடம் மொத்தம் 280 முறை நடந்த சோதனையில் சரியான பதில்கள் 44 சதவீதம்தான். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இது வெளிவந்தபோது அவளுக்கு 11 வயது. வகுப்பில் இதைச் சொல்லும்போது நாணயத்தை விட்டுவிடாதீர்கள். அது எதற்கு என்று பிள்ளைகளையே கேளுங்கள். எமிலி தன் விருப்பப்படி கையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அவள் பழக்கத்தை எதிரே இருப்பவர் ஊகித்துவிடலாம் என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது எறும்புக்கு வருவோம். ‘என்ன பிடிக்கும்’ என்பதை எறும்பிடம் கேட்க முடியாது. எங்கே போய் மொய்க்கிறது என்று எண்ண முடியும். புற்றிலிருந்து ஒரே தூரத்தில் இரண்டு மூடிகள், ஒன்றில் ஒரு கரண்டி சர்க்கரை, மற்றதில் அதே அளவு பொடித்த வெல்லம். பத்து நிமிடம் கழித்து எண்ணலாம். வெல்லத்தில் கூட்டம் என்றதும் முடிவை எழுதப் பேனாவை எடுப்பார்கள். அப்போது தடுத்து, மூடிகளை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். எறும்புகள் ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்த தடத்தின் மேலேயே வெல்லம் இருந்திருக்கலாம் அல்லவா?

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகள் சோதனைக்கு உதவா என்று சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். அது அவசர முடிவு. 1921இல் நர்குண்டா கப்பலில் இங்கிலாந்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமனின் மனத்தில் இருந்ததும் ‘ஏன்’தான்: மத்தியதரைக் கடல் ஏன் இவ்வளவு நீலம்? வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்று இயற்பியலாளர் ரேலி பிரபு சொல்லியிருந்தார். அப்படியானால் பிரதிபலிப்பை நீக்கினால் நீலமும் போக வேண்டுமே! குறிப்பிட்ட சாய்வில் நீர்ப்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியை ஒரு நிக்கோல் பட்டகத்தால் மறைத்துவிடலாம். ராமன் அந்தப் பட்டகத்தின் வழியே பார்த்தார். நீலம் போகவில்லை; இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 அன்று ஒவ்வோர் ஆண்டும் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அன்று இந்தப் பட்டகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் மாலையைவிடப் பயன் உண்டு.

பேயையும் இதே வழியில் கீழே இறக்கலாம். “புளியமரத்தடியில் கேட்கும் சத்தம், காற்று வீசாத இரவுகளிலும் கேட்கிறதா?”

ஒரு எச்சரிக்கை. நம் செய்முறைப் பதிவேட்டில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று வரிசை இருக்கும். முடிவைப் போன வருடத்து அண்ணன் நோட்டிலிருந்து முதல் நாளே எழுதிவிடுவது ஊரறிந்த ரகசியம். அந்தப் பழக்கம் கண்காட்சிக்கும் வந்து சேரும். அதனால் கேள்விக்கென்று தனியாக மதிப்பெண் ஒதுக்குங்கள். ஒரு எறும்புகூட எட்டிப் பார்க்காத அணிக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் எறும்புகளை வீட்டில் உட்கார்ந்தே எண்ணி எழுதிக்கொண்டு வருவார்கள்.