கோழிகள் கொத்திக்கொள்ளுதலும் கழிச்சல் வியாதியும்

மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைக் கிராமங்களிலும், செங்கற்பட்டைச் சார்ந்த ஏரிக்கரைக் கிராமங்களிலும், புறக்கடைக் கோழி ஏழைக் குடும்பத்தின் கைமுதலாகும். அது நஷ்டமாவதற்குரிய இரண்டு காரணங்களை அங்கத்தினர்கள் நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

கொத்துதல்

கோழிகள் தம்முள் உயர்வு தாழ்வு வகுத்துக்கொள்ள இலேசாகக் கொத்துவது இயற்கையே. இவ்வொழுங்கினை நார்வே தேசத்து ஷெல்டெரூப் எப்பே என்பார் 1920-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து வெளியிட்டார். ஆனால் இறகைப் பிடுங்கி இரத்தம் வரக் கொத்துவது கெட்ட பழக்கமாகும். கூட்டில் இடநெருக்கம், கோடைப் புழுக்கம், ஆகாரத்தில் புரதமும் உப்பும் குறைதல், பேன், செள் முதலியனவே இதற்குக் காரணங்கள். இரத்தத்தைக் கண்டவுடன் மற்றக் கோழிகளும் சேர்ந்து கொத்தும். எனவே காயம்பட்டதை உடனே தனியே பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயிற் குழைத்துத் தடவுக. கூட்டை விசாலமாக்குக. கீரைக்கட்டை எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் கோழிகளின் கவனம் அதிற் செல்லும். சாம்பலும் மணலும் கலந்த குழியில் அவை புரள விடுக. உப்பிடாது உலர்த்திய மீன்தூள் சிறிதளவு புரதத்திற்கு ஏற்றது. உப்புக் கருவாடோ அதிகமானால் விஷம்போலாகும். கடற்கரைக் கிளிஞ்சலைக் கழுவி நொறுக்கி வைப்பின் முட்டையோடு உறுதிப்படும்.

கொத்திய காயத்தை அலட்சியம் செய்தலாகாது. அதன் வழியே அம்மைக் கிருமி நுழையும். கொசுவும் அதனைப் பரப்பும்.

கழிச்சல் வியாதி

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இவ்வியாதி, இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேட் என்னும் ஊரில் 1927-ஆம் ஆண்டு காணப்பட்டமையால் அவ்வூரின் பெயரைப் பெற்றது. பச்சையும் வெண்மையுமான கழிச்சல், மூச்சுத் திணறல், இறக்கை தொங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியன இதன் குறிகள். வந்தபின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் தடுப்பதே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8 வாரத்திற்குப் பின் இறக்கையடியில் ஊசியும் போடப்படும். ஆரோக்கியமான கோழிகளுக்கே இவற்றைப் போடவேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். வெயிலிற் பட்டால் பயன் கெடும்.

சங்கத்தின் கடமை

வியாதி கண்டவுடன், எஞ்சிய கோழிகளையாவது காசாக்குவோம் என்று சந்தைக்குக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. ஒரு வீட்டார் பெறும் அச்சிறு தொகைக்காகப் பல கிராமங்களின் கோழிகள் மடிகின்றன. ஆகையால் சங்கத்தார் கூடிப் பின்வரும் கட்டுப்பாடுகளைச் செய்துகொள்க:

1. வியாதி கண்ட வீட்டார் மறைக்காமல் சங்கத்திற்கும் கால்நடை மருந்தகத்திற்கும் அன்றே தெரிவித்தல்.
2. செத்த கோழியைக் குளத்திலோ குப்பையிலோ எறியாது, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல்.
3. புதிதாக வாங்கிய கோழியை 14 நாள் தனியே வைத்தல்.
4. ஊரிலுள்ள எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் ஊசி போடுவித்தல்.

ஊசி போடாத ஒரு வீட்டுக் கோழிகளிடத்தே வியாதி தங்கி, பின் பிறக்கும் குஞ்சுகளைத் தாக்கும். அயலார் கோழியைக் காப்பது தம் கோழியைக் காப்பதேயாகும் என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் உணர்வாராக.