செயின் அறுந்தால் சைக்கிளைத் தள்ள வேண்டாம்!

(அறிவியல் பகுதி – எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)



நம் பள்ளியில் பாதிப்பேர் சைக்கிளில்தான் வருகிறோம். பெல், பிரேக் பற்றி எல்லோருக்கும் தெரியும். செயினைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. அது கழன்று விழுந்தால்தான் ஞாபகம் வருது. அதனால் இந்த இதழில் செயின், அதை இணைக்கும் ‘லாக்’, தூரப் பயணம் போகிறவர்கள் கூட எடுத்துப்போகும் சின்ன டூல்ஸ் பெட்டி பற்றி எழுதுகிறேன்.

1. செயின் இல்லாத சைக்கிள்

முதலில் சைக்கிளுக்குச் செயினே கிடையாது. முன்சக்கரம் ரொம்பப் பெரிதாக இருக்கும், பெடல் அந்தச் சக்கரத்திலேயே இருக்கும். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-ல் அமெரிக்காவில் கிளம்பி 1886-ல் ஜப்பான் வரைக்கும் போனது அந்த மாதிரி சைக்கிளில்தான். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் ஆள் அவர்.

1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் இப்போது நாம் பார்க்கும் உருளைச் செயினைக் கண்டுபிடித்தார். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செயின் மூலம் பின்சக்கரத்தைச் சுற்றும் ‘ரோவர்’ சைக்கிளைச் செய்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. உட்கார்ந்தபடியே காலைத் தரையில் ஊன்றலாம். நம்ம சைக்கிளுக்கு அதுதான் தாத்தா!

2. செயின் எவ்வளவு வேலை செய்கிறது?

என் சைக்கிளில் பற்களை எண்ணினேன். முன்னால் 44, பின்னால் 18. 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2.44. அதாவது பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரை முறை சுற்றும். டயரில் சாக்பீஸ் குறி போட்டு ஒரு சுற்று உருட்டி அளந்தேன். 2 மீட்டர் 7 செ.மீ. வந்தது. அப்படியானால் ஒரு மிதிக்கு 5 மீட்டர்.

எங்க ஊரிலிருந்து பள்ளிக்கு 5 கிலோமீட்டர். பெடலை 1000 தடவை சுற்ற வேண்டும். என் செயினில் 108 கண்ணி. கணக்குப் போட்டால் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் செயின் சுமார் 400 தடவை முழுசாகச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு பல்சக்கரத்திலும் மடங்கி நிமிரணும். மணலும் தூசியும் உள்ளே போனால் ஊசியும் உருளையும் அரைபட்டுத் தேயும்.

“செயின் நீண்டுபோச்சு” என்று சொல்கிறோம் அல்லவா? உண்மையில் இரும்பு நீளவில்லை. ஊசி தேய்ந்து இடைவெளி வந்துவிட்டது. அதனால்தான் நீளமாகத் தெரியுது.

செய்து பாருங்கள்: ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம். எனவே 20 கண்ணிக்கு 25 செ.மீ. 4 மி.மீ. வரணும். உங்கள் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 25 செ.மீ. 6½ மி.மீ.-ஐத் தாண்டிவிட்டால் செயினை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் தேய்ந்த செயின் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். அப்புறம் செலவு இரண்டு மடங்கு.

3. செயின் லாக் என்னும் மீன்

செயின் ஒரு வளையம். அதை மாட்டவும் கழற்றவும் ஓர் இடத்தில் மட்டும் கதவு மாதிரி ஒரு கண்ணி இருக்கும். அதுதான் செயின் லாக். இரண்டு ஊசி உள்ள ஒரு தகடு, மேலே மூடும் ஒரு தகடு, அதைப் பிடிக்கும் ஒரு கிளிப். அவ்வளவுதான்.

கிளிப்பைப் பார்த்தால் மீன் மாதிரியே இருக்கும். ஒரு பக்கம் மூடிய தலை, ஒரு பக்கம் பிளந்த வால். சைக்கிள் கடை அண்ணன் எனக்குச் சொன்ன பாடம் இது: “பாப்பா, மீன் எப்பவும் முன்னாடிதான் நீந்தும். பின்னாடி நீந்தினா செத்த மீன்.”

அதாவது செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மீனின் தலை இருக்கணும். லாக் மேல்வரிசையில் இருக்கும்போது தலை ஹேண்டில்பாரைப் பார்க்கும். கீழ்வரிசைக்கு வந்தால் பின்சக்கரத்தைப் பார்க்கும். காரணம் என்ன? வாலைத் தலைப்பக்கமாகத் தள்ளினால் கிளிப் கழன்றுவிடும். வால் முன்னால் இருந்தால் குச்சியோ செயின் கவரோ இடித்து அதைத் தள்ளிவிடும். தலை முன்னால் இருந்தால் இடித்தாலும் இன்னும் இறுக்கமாகத்தான் ஆகும்.

மாட்டும் முறை:
அ. ஸ்டாண்டு போடுங்கள். செயினின் இரண்டு முனையையும் பின்பல்சக்கரத்தின் பற்களில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். பல்லே பிடித்துக்கொள்ளும்.
ஆ. ஊசித் தகட்டை உள்பக்கமிருந்து செருகி, மூடும் தகட்டை வெளியே வையுங்கள்.
இ. கிளிப்பின் தலையை முன் ஊசியின் பள்ளத்தில் வைத்து, குறட்டால் வால்பக்கமாக அழுத்துங்கள். ‘டிக்’ என்று சத்தம் வரும்.
ஈ. பெடலைச் சுற்றும்போது செயின் பக்கம் விரலைக் கொண்டு போகவே கூடாது.
உ. கடைசியில் செயினின் நடுவில் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம் ஆடினால் சரி. ரொம்பத் தொங்கினால் பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்கணும்.

4. கியர் சைக்கிளின் லாக்

கியர் சைக்கிளில் கிளிப் கிடையாது. செயின் பக்கவாட்டில் தாவும்போது கிளிப் இடிக்கும். அதற்குப் பதிலாக ஒரே மாதிரி இரண்டு பாதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஊசி, ஒரு சாவித்துளை. ஒன்றின் ஊசியை மற்றதன் துளையில் நுழைத்து இழுத்தால் பூட்டிக்கொள்ளும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

கழற்றத் தனிக் குறடு இருக்கிறது. அது இல்லாவிட்டால் லாக்கின் இரண்டு பக்கமும் ஒரு கயிற்றையோ ஷூ லேசையோ சுற்றிச் சுருக்குப் போட்டு இழுப்பார்களாம்!

ஒன்று கவனிக்கணும். பின்னால் பற்சக்கரம் கூடக்கூட செயின் ஒல்லியாகும். 8 சக்கரச் செயினின் அகலம் சுமார் 7 மி.மீ. 11 சக்கரச் செயின் சுமார் 5½ மி.மீ. ஒன்றின் லாக் மற்றதற்குச் சேராது. நம்ம சைக்கிள் லாக் அவர்களுக்கும் சேராது.

5. சின்னப் பெட்டி

தூரப் பயணம் போகிறவர்கள் எடை கூடாமல் பார்ப்பார்கள். லாக் 2, செயின் ஊசியைத் தள்ளும் கருவி, மடக்கும் ஸ்பேனர் செட், டயர் கழற்றும் பட்டை, பஞ்சர் சாமான், ஒரு டியூப், சின்ன பம்பு. பெரும்பாலும் இவ்வளவுதான்.

நான் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் நம்ம சைக்கிளுக்கு ஏற்றபடி வைத்திருக்கிறேன்:
• செயின் லாக் 2
• பல அளவு ஓட்டை உள்ள தட்டை ஸ்பேனர்
• சின்னத் திருப்புளி, சின்னக் குறடு
• வால்டியூப் ஒரு துண்டு
• பழைய துணி

மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 350 கிராம். நம்ம புத்தகப் பையைவிட ரொம்பக் கம்மி!

6. ஏன் இதைப் பெண்கள் கற்க வேண்டும்?

போன வருஷம் எங்க தெரு அக்கா ஒருத்தருக்கு சாயங்காலம் வழியில் லாக் விழுந்து செயின் தரையில் கிடந்தது. அந்த ரோட்டில் கடையே கிடையாது. தள்ளிக்கொண்டு வீடு வர இருட்டிவிட்டது. “இனிமே சைக்கிளும் வேணாம், ஸ்கூலும் வேணாம்”னு வீட்டில் சொல்லிட்டாங்க. டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பேசின பிறகுதான் திரும்ப வந்தாங்க. எட்டு நாள் பாடம் போச்சு. ஒரு லாக்கும் குறடும் பையில் இருந்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அயர்லாந்து நாட்டு டெர்வ்லா மர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு சைக்கிளும் உலக வரைபடப் புத்தகமும் கிடைத்தன. அப்போதே இந்தியாவுக்குச் சைக்கிளில் போவது என்று முடிவு செய்தார். 1963-ல் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தனியாக டெல்லி வந்தே விட்டார். கிளம்பும் முன் கியரைக் கழற்றிவிட்டார், கரடுமுரடான பாதையில் அது கெட்டுப்போகும் என்று. ஆக, நம்ம மாதிரி கியர் இல்லாத சைக்கிள்தான்!

ஓட்டத் தெரிந்தால் பாதி. சரிசெய்யத் தெரிந்தால்தான் முழுசு.

சிந்தித்து விடை சொல்லுங்கள்:
1. முன்பல் 48, பின்பல் 16 என்றால் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் எத்தனை சுற்று?
2. லாக் கீழ்வரிசையில் இருக்கும்போது மீனின் தலை எந்தப் பக்கம்? ஏன்?

அறிவிப்பு: வெள்ளிக்கிழமை விளையாட்டு பீரியடில், டீச்சர் அனுமதியுடன், சைக்கிள் ஸ்டாண்டு அருகே லாக் மாட்டிக் காட்டுகிறேன். கையில் கறை படும், பழைய துணி கொண்டு வரவும்.