கால் ஒட்டிக்கொண்டால்

வாக்கர் வாங்கிவிட்டால் விழ மாட்டீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பாதிதான் உண்மை. பார்க்கின்சன் வந்தவனுக்குக் காலில் பலம் இருக்கும். அடி எடுத்து வை என்று மூளை போடும் உத்தரவுதான் சரியாக வந்து சேராது. வாக்கர் முன்னே போகும், பாதம் அங்கேயே நிற்கும். உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சேந்தமங்கலத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கால் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் இப்போது எனக்கு மனப்பாடம்: நிலைவாசல், பாத்ரூம் கதவு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே உள்ள சந்து. இடம் குறுகினால் நிற்கும். போன் அடிக்கிறதே என்று அவசரப்பட்டால் கட்டாயம் நிற்கும்.

அப்போது வாக்கரைத் தள்ளவே கூடாது. நின்றுவிட வேண்டும். குதிகால் தரையில் படட்டும், முதுகு நிமிரட்டும், மூச்சு ஒன்று விடுங்கள். பிறகு உடம்பின் பாரத்தை இடமும் வலமும் மெல்ல மாற்றி, ஒரே ஒரு பெரிய எட்டு. அந்த எட்டுக்குக் கண் முன்னே ஓர் இலக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி நடையில் எட்டுக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடு போட்டோம். முதலில் என் மனைவி கோலமாவில்தான் இழுத்தாள். வாக்கர் சக்கரம் அதைத் தெருவரை கொண்டுபோய்விட்டது. இப்போது வெள்ளை டேப், சிவப்புத் தரையில் பளிச்சென்று தெரிகிறது. சும்மா நடக்கச் சொன்னால் மறுக்கிற கால், கோட்டைத் தாண்டச் சொன்னால் தாண்டுகிறது. பழக்கத்தில் தானாக நடக்கும் வழி மூளையில் அடைபட்டாலும், பார்த்து யோசித்து நடக்கும் வழி திறந்திருக்கிறது என்பார்கள் டாக்டர்கள். கோடில்லாத இடத்தில் வாய்விட்டு "ஒண்ணு, ரெண்டு" எண்ணுவேன். பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

திரும்புவதுதான் ஆபத்து. நின்ற இடத்திலேயே சுற்றினால் கால்கள் பின்னிக்கொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் எப்படி அகலமாக வாங்கித் திரும்புகிறதோ, அப்படித் திரும்ப வேண்டும். உட்காரும்போதும் நாற்காலி பின்னங்காலில் படும்வரை கைப்பிடியை விடாதீர்கள்.

தூக்கித் தூக்கி வைக்கும் வாக்கர் எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தடவையும் நடையின் தாளம் அறுந்துபோகும். நாலு சக்கரமோ, கால் நின்றதும் தான் மட்டும் ஓடும். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ரப்பர் புஷ் உள்ளதுதான் சரிப்பட்டது. புஷ் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே கட்டுங்கள்.

பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே போடுகிறேன். முட்டை, பருப்பு போன்ற புரதம் மாத்திரையோடு போட்டி போடும். நாமக்கல் மாவட்டத்துக்காரனுக்கு முட்டையைத் தள்ளிவைப்பது லேசில்லை. கொல்லிமலைப் பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடச் சொல்லும் உறவினர்களும் உண்டு. அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மைதான். 1937இலேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதனாலேயே மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சும். நரம்பு டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். "வாங்க, வாங்க" என்றால் கால் இன்னும் இறுகும். என் மனைவி கூட நின்று, "கோட்டைப் பாருங்க" என்று மட்டும் சொல்வாள்.