எமக்குப் பின் யார்?

அறிவுத்திறன் குறைந்த மகனையோ மகளையோ உடைய பெற்றோர்க்கு வயது ஏற ஏற, உள்ளத்தில் ஒரே வினா நிலைபெற்று நிற்கும். எமக்குப் பின் இப்பிள்ளையை யார் காப்பார் என்பதே அது. இவ்வினாவிற்கு நம் குடும்பங்கள் பன்னெடுங்காலமாகக் கூறிவந்த விடைகள் இரண்டு. உடன்பிறந்தான் காப்பான் என்பது ஒன்று. விதிப்படி நடக்கும் என்பது மற்றொன்று. முதலாவது சில வீடுகளில் மெய்யாயிற்று. பல வீடுகளில் அவ்வுடன்பிறந்தான் வேலை தேடி வேற்றூர் சென்ற அன்றே பொய்யாயிற்று. இரண்டாவது ஒரு விடையே அன்று. இவ்விரண்டினும் வேறாய், சட்டத்தின் வழிப் பிறந்த மூன்றாவது விடை ஒன்று நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு முதல் உளது. அதனை அறிந்தார் சிலரே. ஆதலின் அதனை அன்பர்கட்கு விளக்குதல் இப்பாடத்தின் நோக்கமாகும்.

அதற்கு முன், விதி என்னும் அச்சொல்லைக் குறித்துச் சிறிது கூறவேண்டும். பௌத்தத்தைத் தழுவிய பின்னரும், குறையுடன் பிறந்த குழந்தையைக் கண்டு, 'முன்வினைப் பயன்' எனத் தாயின் செவிபடக் கூறுவோர் நம்முள் இல்லாமல் இல்லை. சம்யுத்த நிகாயத்திலே, மோலியசீவகன் என்னும் பரிவிராசகன் இதனையே பகவரிடம் வினவினான். மனிதர் நுகரும் துன்பங்கட்குக் காரணம் கூறப் புகுந்த பகவர், பித்தம், ஐ, வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடை, பிறர் தாக்குதல் ஆகிய ஏழினையும் எண்ணிய பின்னரே வினைப்பயனை எட்டாவதாக வைத்தார். அனைத்தும் முன்வினையே என்பார் கூற்றை அவர் ஏற்கவில்லை. புலமை காட்டுதற்காக இதனை ஈண்டு எடுத்துரைத்தோம் அல்லோம். வினையென்று முடிவு கட்டிய வீட்டில் குழந்தையின் முதல் மூன்றாண்டுகள் வீணே கழிந்து விடுகின்றன. பயிற்சியால் மிகுந்த பயன் விளையக்கூடிய ஆண்டுகள் அவையே.

அவ்வாண்டுகள் வீணாகாதிருத்தற் பொருட்டு, 2013-ஆம் ஆண்டு நடுவண் அரசு ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்ரம் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் மருத்துவக் குழுவினர் சோதித்து, குறை தோன்றின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு நிலையத்திற்கு அனுப்புவர். கட்டணம் இல்லை. மைசூரில் 1965-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில், காது கேளாக் குழந்தைகட்கான பாலர் பள்ளியில் தாயும் உடனிருந்து பயில்கின்றாள். நாளில் சில மணி நேரமே ஆசிரியர் கற்பிக்கக்கூடும். எஞ்சிய பொழுதெல்லாம் தாயே ஆசிரியை ஆதலின் இம்முறை அறிவுடைத்து.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது; ஆட்டிசம், தசைச் சிதைவு, தலசீமியா முதலியன அதன்பின்னரே இடம்பெற்றன. முற்சட்டம் சலுகையின் மொழியில் பேசிற்று. பிற்சட்டத்தின் பெயரிலேயே உரிமை என்னும் சொல் உளது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையதென அரசு மருத்துவ அதிகாரி சான்றளித்த பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை அண்மைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமை உண்டு. அச்சான்றும், அதனோடு கூடிய தனி அடையாள அட்டையும் இன்றி யாதொரு கதவும் திறவாது. பெண்ணின் திருமணத்திற்கு இடையூறாம் என அஞ்சி, அவள் தம்பியின் சான்றினைப் பெறாமலே விட்ட குடும்பங்கள் உள. அவ்வச்சத்தின் விலையை அத்தம்பி செலுத்துகின்றான்.

பெரும்பாலோர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்த நாளிலேயே, தாய் தந்தையர்க்குச் சட்டப்படி இருந்த இயற்கைப் பாதுகாவல் உரிமை முடிவுறுகின்றது. பிள்ளை எண்ணவும் எழுதவும் இயலாத நிலையினனாயினும் சட்டத்தின் கண்ணில் அவன் வயது வந்தவனே. வங்கியில் தாயின் கையொப்பம் செல்லாது எனத் திருப்பி அனுப்பும் நாளிலேதான் பலர்க்கு இது தெரிய வருகின்றது.

இவ்விடைவெளியை நிரப்பவே 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கும் உடையோர்க்கே இது உரியது. நடுவண் அரசு 100 கோடி ரூபாயை மூலநிதியாக அளித்தது. இச்சட்டத்தின்படி அமையும் உள்ளூர்க் குழுவில் மூவர் இருப்பர்: மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர், பதிவு பெற்ற நிறுவனத்தின் சார்பாளர் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். பெற்றோரோ உறவினரோ இக்குழுவிடம் விண்ணப்பித்து, தம்மையோ தாம் நம்பும் பிறரையோ சட்டமுறைப் பாதுகாவலராக அமர்த்திக் கொள்ளலாம். வழக்குமன்றப் படியேறி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெருநன்மை.

அமர்த்தப்பட்டவர் எண்ணியபடி நடக்க முடியாது. ஆறு திங்களுக்குள், தம் பொறுப்பில் வந்த சொத்துக்களின் பட்டியலைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்; ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். பிள்ளையைப் புறக்கணித்தாலோ, துன்புறுத்தினாலோ, சொத்தைக் கையாடினாலோ, பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ முறையிட்டு அவரை நீக்கலாம். ஆயின் கணக்குக் கேட்பார் இல்லாவிடத்துச் சட்டம் ஏட்டளவில் நிற்கும். பெற்றோர் மறைந்தபின் முறையிடுவார் யார்? ஊரில் உள்ள சங்கங்கள் ஆண்டிற்கொருமுறையேனும் இத்தகைய இல்லங்கட்குச் சென்று வருதல் வேண்டும் என நாம் கூறுவது இதனாலேயே. மன நோயால் மட்டும் துன்புறுவோர்க்கு இச்சட்டம் பொருந்தாது. அவர்கட்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தனியே உண்டு. தெளிவுள்ள பொழுதே தம் சார்பாளரைத் தாமே குறித்து வைத்தற்கு அது வழி செய்கின்றது.

இங்கு ஓர் ஐயம் எழும். ஒருவன் வாழ்வு குறித்த முடிவனைத்தையும் பிறனொருவன் கையில் ஒப்புவித்தல் முறையோ? நியாயமான ஐயமே. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற உடன்படிக்கை, குறைபாடுடையோரும் பிறரைப் போலவே சட்டத் தகுதி உடையவர் என உரைக்கின்றது. இந்தியா 2007-இல் அதனை உறுதி செய்தது. அதற்கிணங்க 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த பாதுகாவல் என்பதனைப் புகுத்தியது. குறித்த ஒரு காரியத்திற்கு, குறித்த காலத்திற்கு மட்டும், அவனோடு கலந்து முடிவு செய்தல் என்பது அதன் பொருள். இரு சட்டங்களும் ஒன்றோடொன்று முழுதும் பொருந்தவில்லை. அறிஞரிடையே வாதம் உண்டு. எம் கருத்து இது: எந்த உடை வேண்டும், எவர் வீட்டிற்குச் செல்ல விருப்பம் என்பவற்றைத் தலையசைப்பாலேனும் தெரிவிக்க வல்லானிடம் கேளாது முடிவு செய்பவன் பாதுகாவலன் ஆகான்.

பொருளுதவி பற்றிச் சுருங்கக் கூறுவோம். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோரில், 80 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையோர்க்கு நடுவண் அரசு 2012 முதல் அளித்து வரும் ஓய்வூதியப் பங்கு திங்களுக்கு 300 ரூபாய். அத்தொகை எத்தனை நாள் அரிசிக்குப் போதும் என்பதை வீட்டுத் தாய்மாரே கணித்துக் கொள்க. மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்க்கின்றன. அஃது இடத்திற்கு இடம் வேறுபடும். அறக்கட்டளையின் நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு இதனினும் பயனுடைத்து. மேற்கூறிய நான்கு வகையினர்க்கும், முன்சோதனை எதுவுமின்றி, ஆண்டிற்கு 1 இலட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் உட்பட அது தாங்கும்.

இரயில்வே, அஞ்சல் முதலிய நடுவண் அரசுத் துறைகளில் பணியாற்றிய பெற்றோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். தானே பொருளீட்ட இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெறும் உரிமை உண்டு. பெற்றோர் உயிருடன் இருக்கும்பொழுதே அப்பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்ப்பிக்கலாம். சேர்ப்பிக்காவிடில், தந்தையும் தாயும் மறைந்தபின் அப்பிள்ளை எவ்வாறு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும்? உள்ளூர்க் குழு அளித்த பாதுகாவல் சான்று இவ்விடத்திலும் கைகொடுக்கும்.

இதுகாறும் பிள்ளையைப் பற்றியே கூறினோம். காப்பவள் நிலை யாது? இருபது ஆண்டாகத் திருமணம், திருவிழா எதற்கும் செல்லாத தாய்மார் நம் தெருக்களில் உளர். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியமின்றிக் காக்கும் பெற்றோரையும் காப்பாளர் என்றே வரையறுக்கின்றது. மிகுந்த துணை வேண்டுவோர்க்குக் காப்பாளர் படி அளித்தற்கும் இடம் தருகின்றது. கேரள அரசு ஆசுவாசகிரணம் என்னும் திட்டத்தால் காப்பவர்க்கே திங்களுக்கு 600 ரூபாய் எனக் குறித்தது. சிறு தொகையாயினும், அவர் உழைப்பிற்கு ஒரு பெயர் கிடைத்தது. இரயில் பயணத்தில் துணையின்றிச் செல்ல இயலாதவர்க்குத் தரும் கட்டணக் குறைப்பு துணைவர்க்கும் உண்டு. செகந்தராபாத்தில் 1984-இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனத்தில், தொலைவூர்க் குடும்பங்கள் சில நாள் தங்கிப் பயிற்சி பெறுதற்குக் குடில்களும் உள. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பரிவார் என்னும் பெற்றோர் சங்கங்களின் கூட்டமைப்பு 1995-இல் தோன்றியது. அலுவலகத்தில் தனியே நின்று கெஞ்சும் தாயினும், பத்துப் பெற்றோர் சேர்ந்து சென்று கேட்பது விரைவில் பயன் தருகின்றது.

சான்றும் பாதுகாவலரும் அமைந்த பின்னரும், பெற்றோரன்றிப் பிறர் செய்ய இயலாத பணி ஒன்று எஞ்சியுள்ளது. ஒரு குறிப்பேடு வாங்கி, பிள்ளையின் பழக்கங்களை எழுதி வைத்தல் வேண்டும். எம்மருந்தை எவ்வேளையில் உண்பான், சோற்றைப் பிசைந்து ஊட்டினால் உண்பானா, தனித்தனியே வைத்தால் உண்பானா, இடியோசைக்கு அஞ்சுவானா, அழும்பொழுது எப்பாட்டைப் பாடினால் அடங்குவான், வயிற்று வலியை எச்சைகையால் காட்டுவான், எவரைக் கண்டால் ஒளிந்து கொள்வான். எழுத அறியாத தாய் சொல்ல, பள்ளி செல்லும் மகள் எழுதலாம். இருபதாண்டு உடனிருந்தவள் அறிந்த இவையெல்லாம் எந்தச் சான்றிலும் இரா. அவ்வேட்டின் படி ஒன்றைப் பாதுகாவலரிடமும், மற்றொன்றை மருத்துவரிடமும் கொடுத்து வைக்க, ஆண்டுதோறும் திருத்துக.