பார்மட் அடிப்பதற்கு முன்



தம்பி, உத்திரமேரூர் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்க உட்கார்ந்துவிட்டாய். இனி நீ அதிகம் கேட்கப்போவது ஒரே புகார்தான்: "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, என்னன்னு பாருப்பா." அதற்குத் தொழிலில் ஒரு பழகிப்போன பதில் இருக்கிறது: "பார்மட் அடிச்சிடலாம்ணே." அடித்தால் வேகம் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் காரணம் தெரியாமலே போய்விடும். அதே மென்பொருள்களைத் திரும்ப ஏற்றியதும் மந்தமும் திரும்பி வரும். ஜெராக்ஸ் கடைக்காரரின் டேலி கணக்கு அதில் அழிந்திருந்தால், வாடிக்கையாளர் மட்டும் திரும்பி வரமாட்டார்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் ஆகியவற்றில் எது திணறுகிறது என்று முதலில் பார். 2011 செப்டம்பரில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் ஆரம்பகாலத்தவற்றுக்கு 2 ஜிபி ரேம்தான். அதில் குரோமில் பத்து டேப் திறந்தாலே போதும், வைரஸ் எதுவும் தேவையில்லை. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், அப்டேட் இறங்குகிறதா, ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடுகிறதா என்று பார். அது முடிந்த பிறகும் குறையாவிட்டால் பழைய ஹார்ட் டிஸ்க்மீது சந்தேகம் வை.

மந்தத்துக்குப் பின்னணியில் ஓடும் மென்பொருளும் காரணமாக இருக்கலாம். அப்படி ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்த கதை உண்டு. 2005 அக்டோபரில் மார்க் ருசினோவிச் என்ற அமெரிக்க நிபுணர், தன் கணினியில் ஏதோ ஒளிந்திருப்பதைத் தானே எழுதிய கருவியால் கண்டுபிடித்தார். தேடிப்போனால், அது சோனி பிஎம்ஜி இசைத்தட்டு ஒன்று நகலெடுப்பைத் தடுக்க ஏற்றிவிட்ட மென்பொருள். பாட்டை நிறுத்தி பிளேயரை மூடிய பிறகும் அது ஒன்றிரண்டு சதவீத சிபியுவைத் தின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பிடுங்கி எறிந்தார். சிடி டிரைவே காணாமல் போனது! அவ்வளவு பெரிய கைகாரருக்கே அந்தக் கதி. அவருடைய ஆட்டோரன்ஸ், பிராசஸ் எக்ஸ்புளோரர் இரண்டும் இன்று மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பென்டிரைவில் வைத்துக்கொள்.

பெயர் தெரியாத எல்லாமே திருடன் இல்லை. இ-சேவை மையக் கணினியில் ஓடும் 'ஆர்டி சர்வீஸ்' நின்றால் ஆதார் கைரேகைக் கருவி செத்துப்போகும். டிடிபி கடையில் என்எச்எம் ரைட்டரை ஸ்டார்ட்அப்பிலிருந்து எடுத்துவிட்டால், மறுநாள் காலை அங்கே தமிழ் அடிக்க வராது. ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் இருப்பது வேறு கதை. ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் சோதிக்கும், ஆகவே ஒன்றைத் தயங்காமல் நீக்கு.

உங்கள் ஊர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலத்திலேயே, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரைக் குடவோலைத் தேர்தலில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. புரோகிராம்களிடமும் அப்படியே கணக்குக் கேள்: யார் ஏற்றியது, எதற்கு, எவ்வளவு தின்கிறது?

சேஃப் மோடில் வேகமாக ஓடினால் பின்னணியில் ஓடும் ஏதோ ஒன்றின்மீது சந்தேகம் வலுக்கும். பிறகு ஸ்டார்ட்அப் பட்டியலில் ஒவ்வொன்றாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து பார். ஒரேயடியாகப் பத்தை அணைத்தால் எது குற்றவாளி என்று தெரியாது. அணைத்ததை ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடு. கைரேகைக் கருவி, பிரிண்டர், தமிழ் விசைப்பலகை மூன்றையும் அவர் கண்முன்னே ஓட்டிக் காட்டிவிட்டு பில் போடு.