டைம்ஷேர்: விற்பதா, வைத்துக்கொள்வதா, வழக்குப் போடுவதா?

"லக்கி டிராவில் பரிசு விழுந்திருக்கு, ஜோடியா வாங்க" என்று அழைத்து, ஓட்டல் ஹாலில் படம் காட்டி, அன்றைக்கே கார்டைத் தேய்க்க வைப்பார்கள். அப்படி டைம்ஷேருக்கு, அதாவது வருடத்தில் சில இரவுகள் விடுதியில் தங்கும் உரிமைக்கு, கையெழுத்துப் போட்டுவிட்டு நாமக்கல் மாவட்டப் புதுச்சத்திரம் திரும்பியவர் முதலில் ஒப்பந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். ரத்து செய்யப் பத்து நாள் போலக் கெடு இருக்கும். அது தாண்டாதவரை வேறு வழியே யோசிக்காதீர்கள். ஏஜெண்டிடம் போனில் சொன்னது செல்லாது. மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்ட்டும் அன்றே போகட்டும்.

கெடு முடிந்தவர்கள் பெரும்பாலும் நினைப்பது விற்பதைத்தான். இருப்பதில் மோசமான வழி அதுதான். டைம்ஷேர் விற்கும் நிறுவனங்களில் 1986-ல் ஸ்டெர்லிங்கும் 1996-ல் மஹிந்திரா ஹாலிடேஸும் வந்தன. ஆனாலும் கைமாற்றி விற்க நம்பகமான சந்தை அமையவில்லை. நிலத்தைப் போல இதற்குப் பத்திரம் கிடையாது, கையில் இருப்பது தங்கும் உரிமை மட்டுமே. 25 வருடத் திட்டத்தில் பத்து வருடம் கழிந்தால் வாங்குபவருக்கு மிஞ்சுவது பதினைந்துதான். பெயர் மாற்ற நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், கட்டணம் உண்டு, பாக்கி ஆண்டுச் சந்தாவையும் தீர்க்க வேண்டும். நிறுவனமே தவணையில் புதிது விற்கும்போது பழையதை நல்ல விலைக்கு யார் கேட்பார்? "பார்ட்டி ரெடி, ஜிஎஸ்டி மட்டும் முன்னாடி கட்டுங்க" என்று போன் வந்தால் அது மோசடி. கட்டிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

வைத்துக்கொள்வது சிலருக்குச் சரிப்படும். மஹிந்திரா ஹாலிடேஸின் கிளப் மஹிந்திராவில் பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ என்று பருவம் பிரித்திருக்கிறார்கள். மலிவான புளூவை வாங்கியவர் பிள்ளைகளின் மே மாத விடுமுறையில் அறை எதிர்பார்க்க முடியாது. கோழிப்பண்ணைக்காரர் ஏழு இரவு வீட்டை விட்டு நகர்வதும் நடக்காத காரியம். போக முடியாத வருடமும் சந்தா கட்டியே ஆக வேண்டும். இதற்குக் கொடுக்கும் பணம் நான்கு லட்சம் என்றால், அதை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடம் 28,000 ரூபாய் வரும். அதை வைத்து ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ வேண்டிய நாளில் அறை எடுத்துக்கொள்ளலாம்.

பொய் சொல்லி விற்றிருந்தால் வழக்குத்தான் என் தேர்வு. நிறுவனம் சென்னையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாமக்கல் நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஆலோசனைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது வங்கிக் கடனாக இருந்தால் சிபில் ஸ்கோர் விழும். நாளை லாரிக்கோ பண்ணைக்கோ கடன் கேட்டால் அங்கே இடிக்கும்.

பரிசுக் கூப்பன், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது எதையும் அழிக்க வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் பதிவாக வேண்டும்.